முனியப்பனுக்குக் கலக்கிய செம்பு

கூச்சம் பிடித்த ஆள், பேச வேண்டியிராத இடமாகப் பார்த்துப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டிவிடுவான். ஏலம் விடுகிறவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்கள் எல்லாம் எனக்கு வேறு உலகத்து ஆட்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜம் வேறு. வாத்தியார் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல எனக்குத் தொண்டை திறக்காது. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "வரவில்லை" என்று போட்டுவிடுவார். வருசம் பூராவும் பள்ளிக்கூடம் போய், வருசம் பூராவும் போகாதவன் ஆனேன். (அந்த வயசிலேயே பாதிப் பேய் ஆகிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.)

அப்புறம் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். போர் போடுகிற இடத்தில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்துக்கு, பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அப்படி ஊர் ஊராகப் போனபோதுதான் சரக்குக் கலக்கக் கற்றுக்கொண்டேன். கடலோரத்தில் ஏதோ ஒரு ஊர். பாஷை தெரியாது. கம்ப்ரசர் பழுதாகி, சாமான் வந்து சேரும் வரை வண்டி நின்றுவிட்டது. விடாத மழை. பக்கத்தில் சின்னதாக ஒரு மதுக்கடை. அங்கே வேலை செய்தவனுக்கு என் வயசுதான் இருக்கும். அவனும் வாயைத் திறக்காத ஆள். எங்களுக்கு ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடித்துப்போனது. மற்ற கடைகளில் மூடி போட்ட டப்பாவில் ஊற்றிக் கிலுகிலுவென்று குலுக்குவார்களே, அந்த வேலையே அவனிடம் கிடையாது. நீளமான கரண்டியை விட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பான். சத்தம் வராது. என் கையைப் பிடித்துக் கரண்டியில் வைத்தான். கரண்டி ஐஸில் மோதிக் 'கிளிங்' என்றது. உடனே உதட்டில் விரலை வைத்து, ஐஸைப் பார்த்து "உஸ்" என்றான். ஐஸ் பேசக் கூடாதாம். பேசாத வித்தை ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதை நானும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது ரிக் வேலையை விட்டுவிட்டு வெண்ணந்தூர்ப் பக்கம் காட்டுக்குள் வீடு. சுற்றிலும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. ஐப்பசி மாதச் சாயங்காலம், மழை விட்டும் விடாமலும் இருக்கும்போது, வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, செம்பில் ஒரே ஒரு டம்ளர் அளவு கலக்குவேன். கருப்பட்டியைச் சுக்கும் ஏலக்காயும் இரண்டு கிராம்பும் தட்டிப் போட்டுப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்வேன். அந்தப் பாகு கொஞ்சம், பிராந்தி கொஞ்சம். டிபன் டப்பாவில் உறைய வைத்த பெரிய ஐஸ் கட்டி ஒன்று. (சின்ன ஐஸ் சீக்கிரம் கரைந்து தண்ணீராக்கிவிடும்.) கசப்புக்கு என்னவோ ஒரு குப்பியிலிருந்து அந்த மதுக்கடை ஆள் சொட்டு விடுவான். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? நிலவேம்புக் கசாயத்தைச் சுண்டக் காய்ச்சி, குழந்தைகளுக்கு மருந்து விடுகிற குழாயில் உறிஞ்சி விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கரண்டியின் முதுகு செம்பின் உட்சுவரை ஒட்டியே போக வேண்டும். செம்பு வெளியே வியர்க்க ஆரம்பித்தால் பதம். கடைசியில் கமலா ஆரஞ்சுத் தோலை ஒரு திருகு திருகி மேலே போட்டால் வாசம் அப்படியே மூக்கில் நிற்கும்.

என் மனைவி சரசுவுக்கு இதில் ஆட்சேபணை இல்லை. அவளுக்கு இருந்த குறையே வேறு.

"ஏனுங்க, அந்தக் கரண்டிய கொஞ்சம் சத்தமாத்தான் ஆட்டுங்களேன். இருட்டுக்குள்ள உக்காந்து, வாய முணுமுணுத்துக்கிட்டு, செம்புக்குள்ள கருப்பா சொட்டு சொட்டா உடறீங்க. பாக்கறவங்க செய்வினை வெக்கறீங்கன்னுதான் நெனைப்பாங்க."

"சொட்டை எண்ணறேன் புள்ள."

"அது உங்களுக்குத் தெரியும். பால் வாங்க வந்த அக்காளுக்குத் தெரியுமா? அப்படியே திரும்பிப் போயிருச்சு. அன்னையிலிருந்து அந்தப் பக்கத்து வரப்பைச் சுத்திக்கிட்டுத்தான் போவுது."

இந்தப் பேர் ஏற்கெனவே இருந்த நேரத்தில்தான் எங்கள் மகள் நித்யாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது.

பையன் மேச்சேரிப் பக்கம். இருவரும் ஒரே நூல் மில்லில் கணக்கு வேலை. பையனுக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்ததெல்லாம் அங்கம்மா என்கிற அத்தை. உயரமான கிழவி, எலும்பும் குரலும் மட்டும்தான். அந்தம்மா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. பொண்ணு பார்க்க வந்தபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்கூட்டு வழக்கப்படி முனியப்பங்கிட்ட உத்தரவு கேக்கோணுமுங்க. கிடாய் நாங்க கொண்டு வாரோம். அது சிலுப்புச்சுன்னா அங்கியே பூ வெச்சு உறுதி பண்ணிரலாம். சிலுப்பலைன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் சாமி முன்னால் கிடாயை நிறுத்தி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை அதன் மேல் தெளிப்பார்கள். கிடாய் உடம்பைப் படபடவென்று சிலுப்பினால் சாமி வரம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று தடவை தெளித்தும் சிலுப்பாமல் நின்றால் வரம் இல்லை. அந்தக் கிடாயை வெட்டவும் கூடாது, எடுத்த காரியத்தைத் தொடரவும் கூடாது. அங்கம்மா வீட்டில் இதற்கு முன்பு ஒரு சம்பந்தம் அப்படியே நின்றுபோயிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கலக்கிக்கொண்டிருந்தபோது நித்யா பின்னால் வந்து நின்றாள். அவளும் என் மாதிரிதான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நான் செம்பைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கினேன்.

"அப்பா. இந்த எடம் நின்னு போச்சுன்னா எனக்கு வேற பாக்க வேண்டாம்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அவள் வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டதே அதுதான் முதல் தடவை. எனக்குக் கரண்டி செம்பில் மோதிக் 'கிளிங்' என்றது.

ராத்திரியெல்லாம் யோசித்து என் புத்திக்கு ஒன்று தோன்றியது. முனியப்பனுக்கு வழக்கமாக ஒரு பாட்டில் பிராந்தியை அப்படியே உடைத்து வைப்பார்கள். பாதியைச் சாமி காலடியில் ஊற்றிவிட்டு மீதியைப் பூசாரி குடிப்பார், அவர் மேல் சாமி இறங்கும். காலம் காலமாக இதுதான். நம் மகள் காரியத்துக்கு நம் கையாலேயே நன்றாகக் கலக்கிக் கொடுத்தால் என்ன?

சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சாமிக்கு இதெல்லாம் ஒத்துக்குங்களா?"

"வருசா வருசம் பச்சையாக் குடிச்சுக் குடிச்சுத்தான் கண்ணு ரெண்டும் அப்படி வெளிய வந்திருக்குது. பாவம்."

"உங்க வாய் என்கிட்ட மட்டும் நல்லா நீளுது. அங்க வந்து சம்பந்தி ஊட்டுக்காரங்களை 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா எனக்கு அதே போதும்."

கேட்கிறேன் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

எங்கள் கல்யாணத்துக்குச் சரசு வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளைச் செம்பு ஒரு ஜோடி இருந்தது. இரண்டையும் அவள் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். ஒன்றில் தீர்த்தத்துக்கு மஞ்சள் தண்ணீர். இன்னொன்றில் என் கலக்கல், வாய் வரைக்கும். மழைத் தண்ணீர் விழாமல் இருக்க இரண்டுக்கும் வாழையிலையை வைத்து நாரால் கட்டினேன். வலது கையில் இருப்பது சரக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்த முனியப்பன் இருக்கிற இடத்தை நீங்கள் பகலில் பார்த்தாலே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பீர்கள். ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பனை மரங்களுக்கு நடுவில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். கூரை கிடையாது. போட்டவர்கள் யாரும் பிழைக்கவில்லை என்று சொல்வார்கள். சுதையால் செய்த உடம்பு, பனை மரத்தில் பாதி உயரம். மடித்துப் போட்ட கால் ஒன்றே ஒரு மாட்டுவண்டி அளவு இருக்கும். கையில் அரிவாள். அந்தக் கண் எந்தப் பக்கம் நின்றாலும் நம்மைத்தான் பார்க்கும். அன்றைக்குச் சாயங்காலம் தூறல் வேறு. வெளிச்சம் கீழிருந்து கரைந்துகொண்டே போய், கடைசியில் அவர் முகத்தில் மட்டும் சாம்பல் நிறமாக நின்றது. தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கரண்டு இல்லாத இடம். பூசாரியிடம் ஒரு சார்ஜ் லைட் இருந்தது, அதுவும் சார்ஜ் குறைந்து பழுப்பாக எரிந்தது.

நான் செம்புகளோடு போய்ச் சேர்ந்ததும், வேன் வந்து நின்றது. ஆட்கள் இறங்க இறங்க எனக்குக் கால் பின்னால் போனது. சரசு கண்ணாலேயே 'கேளுங்க, கேளுங்க' என்கிறாள். அங்கம்மா நேராக என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையிலும் செம்பு இருப்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, அவசர வேலை இருப்பது போல விறுவிறுவென்று நடந்து முனியப்பன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். (வயசு ஐம்பதை நெருங்குகிற ஆள். பொண்ணோட அப்பா.) அங்கிருந்தபடியே கையை நீட்டி, சரக்குச் செம்பை என் வலப்பக்கமும் தீர்த்தச் செம்பை என் இடப்பக்கமும், சாமியின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றாக வைத்தேன். பூசாரி எட்டிப் பார்த்தார். "எதுங்க சரக்கு?" என்று கிசுகிசுத்தார். நான் வலது கையை ஆட்டிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

எனக்கு எதிர்முகமாக நின்ற பூசாரியின் வலப்பக்கம் இருந்தது தீர்த்தம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நல்ல செவலை நிறம், கழுத்தில் மாலை. பேச்சு நின்றது. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. பூசாரி சாம்பிராணிப் புகைக்குள் நின்றுகொண்டு செம்பின் இலையை அவிழ்த்தார். அவருக்கு ஒரு வாரமாக மூக்கடைப்பு. வேப்பங்கொத்தை முக்கிக் கிடாயின் தலையில் தெளித்தார்.

கிடாய் சிலுப்பவில்லை. நாக்கை நீட்டி மூக்கு நுனியில் வழிந்ததை நக்கிக்கொண்டது.

இரண்டாம் தடவை முதுகில் தெளித்தார். வழக்கமாகத் தண்ணீர் பட்ட குளிர்ச்சிக்குத் தோல் துடிக்கும். இது துடிக்கவில்லை. பாகு கலந்தது அல்லவா, தோலோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. கிடாய் கழுத்தைத் திருப்பித் தன் விலாவை நிதானமாக நக்கியது. அப்புறம் தலையை நிமிர்த்திக் கூட்டத்தில் ஒவ்வொருவரையாகப் பார்த்தது. லைட் வெளிச்சத்தில் அதன் கண் பச்சையாக எரிந்தது. தூறல் நின்றுவிட்டது. எதற்கோ தவளைகளும் நிறுத்திக்கொண்டன. பனை ஓலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது.

மூன்றாம் தடவை பூசாரி கொத்தை முக்கும்போது, கிடாய் ஒரு எட்டு முன்னால் வந்து செம்புக்குள் வாயை விட்டது. விட்ட வாயை எடுக்கவில்லை. அந்த அமைதியில் அது குடிக்கிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. குடித்து முடித்து நிமிர்ந்து, ஒரு சத்தம் கொடுத்தது பாருங்கள். ஆடு கத்துகிற சத்தமே இல்லை. விருந்து சாப்பிட்டு முடித்த பெரிய மனுசன் திண்டில் சாய்ந்துகொண்டு "ஹாஆ..." என்பாரே, அந்தச் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாகப் பின்னால் நகர்ந்தார்கள். கிடாய் பின்னங்கால் பின்னலோடு மெல்லத் திரும்பி நடந்துபோய், முனியப்பன் கால்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

பூசாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. சாமி இறங்கினால்தான் இதற்கு விடை கிடைக்கும் என்று அடுத்த செம்பை எடுத்தார். கொஞ்சம் காலடியில் ஊற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மீதியை ஒரே மூச்சில் குடித்தார். எல்லாரும் காத்திருந்தோம். அவர் ஒரு குதி குதித்தார். இன்னொரு குதி. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். (வாயில் வைத்ததும் சரக்கை முனியப்பன் மஞ்சள் தண்ணீராக மாற்றிவிட்டார், நம்ம ஆயுசு இன்றோடு சரி என்று நினைத்தாராம். பிறகு அவரே சொன்னார்.)

"சாமி எறங்க மாட்டேங்குதுங்க," என்றார், அழுகிற குரலில்.

அந்த நேரம் காற்று ஒன்று வீசியது. கிடாயின் மேலிருந்து கமலாத் தோலும் கிராம்பும் கலந்த வாசம் நேராக என் மூக்குக்கு வந்தது. எனக்கு எல்லாம் புரிந்துபோனது.

அங்கம்மா திரும்பினார். "கிடாயும் சிலுப்பலை, சாமியும் வரலை. வரமில்லாத எடத்துல நாங்க பொண்ணெடுக்கறதில்லீங்க. கெளம்புங்க எல்லாரும்."

"அத்தை, சித்த இருங்க," என்றான் மாப்பிள்ளை.

"நீ வாய மூடிக்கிட்டு வா சாமி. உங்கப்பன் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான்."

நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. கையில் வைத்திருந்த பூத்தட்டை முந்தானையால் மூடினாள். ஒரு சாவு வீட்டில் மூடுவது போல, ஓரமெல்லாம் இழுத்துவிட்டு மெதுவாக மூடினாள். சரசு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் வாசம் வந்துவிட்டது. ஆனால் அவள் சொல்ல முடியாது. சொன்னால், பொண்டாட்டி சமாளிக்கிறாள் என்பார்கள். செம்பை வைத்தவன்தான் சொல்ல வேண்டும்.

முனியப்பன் முதுகுக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்தேன்.

அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் வாழ்நாளில் இல்லை. முதலில் முழங்கால் ஆடியது. அப்புறம் கை. அப்புறம் தாடை தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, பல்லும் பல்லும் மோதுவது எனக்கே கேட்டது. நிறுத்தப் பார்த்தேன், தோளும் சேர்ந்துகொண்டது. உச்சியிலிருந்து பாதம் வரை, போர் வண்டி மேல் வைத்த டீ டம்ளர் மாதிரி நடுங்கினேன். வாயைத் திறந்தேன். வந்த குரல் என் குரல் இல்லை. அத்தனை வருசம் உள்ளே அடைத்து வைத்த குரல் அது. முரட்டுத்தனமாக, ஓடை வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"செம்பு மாறிப் போச்சு! கிடாய்க்குத் தெளிச்சது தீர்த்தமில்லை, சரக்கு! பூசாரி குடிச்சதுதான் தீர்த்தம்!"

அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பாறைக்குள் போர் போடும்போது சில சமயம் உள்ளே பொந்து வரும். ராடு சடாரென்று கீழே இறங்கும். ஒரு நொடி சத்தமே இருக்காது. அந்த மாதிரி எனக்குள் ஏதோ இறங்கியது.

திரும்ப நினைவு வந்தபோது அங்கம்மா ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். நின்ற இடத்திலேயே, கால் மடங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு. எல்லாரும் குனிந்திருந்தார்கள். என் நெற்றியில் பூசாரி ஒரு கை திருநீற்றை அப்பிக்கொண்டிருந்தார். என் முன்னால் சூடம் எரிந்தது.

"நான் சாமியில்லீங்க," என்றேன்.

"மலையேறப் போவுது, மலையேறப் போவுது, வழி விடுங்க!" என்று கத்தினார் பூசாரி.

யாரோ செம்பு இரண்டையும் எடுத்து முகர்ந்தார்கள். ஒன்றின் அடியில் மஞ்சள், இன்னொன்றின் அடியில் கமலாத் தோல். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அங்கம்மா சொன்னார்: "இலை போட்டுக் கட்டி வெச்ச செம்புக்குள்ள என்ன இருக்குதுன்னு மனுசனுக்குத் தெரியுமா? அதும் இந்த மனுசன் வாய் தொறந்து நான் ஒரு வார்த்தை கேட்டதில்லையே!"

"நாந்தானுங்க அதை வெச்சது," என்றேன். என் குரல் பழையபடி கம்மிப்போயிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"கிடாய் சிலுப்புனா வரமுன்னு கேட்டோம்," என்றார் அங்கம்மா. "பொண்ணைப் பெத்தவர் ஒடம்பையே சிலுப்பிக் காட்டிட்டான் முனியப்பன். இதுக்கு மேல என்ன வேணும்? ஏம்மா நித்யா, தட்டைத் தொற சாமி."

நித்யா தட்டைத் திறந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். சரசு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பனை மரத்துப் பக்கம் திரும்பி நின்றாள். பக்தியில் அழுகிறாள் என்று நான்கு பெண்கள் போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். கிடாய் முனியப்பன் காலடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டலாமா என்று கேட்கிற தைரியம்கூட யாருக்கும் வரவில்லை. வேனில் நடு சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போதும் மேச்சேரியில் அது கொழுத்துப்போய்த் திரிகிறதாம். எதிரில் வந்தால் டிராக்டரே ஒதுங்கிக்கொள்கிறதாம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்குப் போனபோது, அங்கம்மா என்னைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டார். உண்மையைச் சொல்லிவிட இதுதான் நேரம் என்று நான் தயாரானேன். வீட்டிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க சம்பந்தி, ஒண்ணு கேக்கோணும்," என்றார் அவர் முந்திக்கொண்டு. "அன்னைக்கு என்னைக் கூழாயின்னு கூப்பிட்டீங்களே. 'கூழாயி, உக்காரு'ன்னு. அது உங்களுக்கு யாரு சொன்னா?"

"நானுங்களா?"

"எங்கம்மா வெச்ச பேரு. பால் குடிக்காம கூழுதான் குடிச்சனாம். அவ மட்டுந்தான் அப்படிக் கூப்புடுவா. அவ போய்ச் சேந்தப்ப எனக்கு ஆறு வயசு. என்னைக் கட்டுனவருக்கே அது தெரியாது."

நான் மனப்பாடம் செய்து வைத்த அத்தனையும் போன இடம் தெரியவில்லை. தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் கேட்டேன். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கிழவிக்குப் பிரமை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னீங்க. அதட்டித்தான் சொன்னீங்க. ஏதோ பைத்தியம் மாதிரி ஒளர்றீங்கன்னு நெனைச்சேன்."

நித்யாவைக் கேட்டால், அப்படி எதுவும் காதில் விழவில்லை என்கிறாள். மருமகன், "உக்காருன்னது கேட்டுது மாமா, முன்னாடி என்ன சொன்னீங்கன்னு தெரியலை" என்கிறான். அன்றைக்கு நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் இது இப்போது ஒரு வேடிக்கையாகிவிட்டது. ஐப்பசிச் சாயங்காலம் மகளும் மருமகனும் வந்திருக்கும்போது, நான் பலகை போட்டு உட்கார்ந்து கரண்டியை எடுத்தால் போதும், சரசு உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க, இன்னைக்குக் கலக்கறது யாரு? நீங்களா, அவருங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நான்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் கூச்சக்காரனுக்கு வார்த்தை தொண்டைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் மருமகன் சிரிப்பு நிற்கும். அப்புறம் நித்யாவின் சிரிப்பு நிற்கும். கரண்டி மட்டும் செம்புக்குள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சரசு எழுந்து வந்து வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போவாள்.